வாசல் தூணில் வண்டி இடித்தது பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம். சுகம் என்று முழுசாக எழுத முடியாவிட்டாலும் குறை என்று எழுதவும் மனசு வரவில்லை, இரண்டுக்கும் நடுவில் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேசுவது. நீயும் அடுப்பில் ரொட்டி இருக்கிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால் அவர் பகலில் கண்ணயர்கிற இந்த நேரத்தில் தையல் மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள், தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது, எல்லாம் அந்த வண்டியின் ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றி வந்த வலி.

வண்டியின் பின்பக்கம் நசுங்கிக் கிடக்கிற படத்தை உன் மாமா உனக்கு அனுப்பிவிட்டான் என்பதே நீ கூப்பிட்டுக் கத்தின பிறகுதான் எனக்குத் தெரியும். என் தம்பிதான், ஆனாலும் சொல்கிறேன், அவன் வாயும் ஓட்டை, போனும் ஓட்டை. நீ பயந்துபோய், அந்த வண்டிய மொதல்ல வித்துத் தொலைங்கம்மா, சின்னதா ஒண்ணு வாங்கிக்கலாம், இல்லன்னா வாடகைக் கார்ல போங்க, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் இங்க இருந்துக்கிட்டு என்ன பண்ணுவேன் என்று ஒரே மூச்சில் சொன்னாய். கடைசியில் குரலைத் தாழ்த்தி, அப்பாவுக்கு இன்னும் என் மேல கோபமாம்மா என்று கேட்டாய். வண்டியைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, எனக்கே பதில் தெரியாது. இப்போது தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் வண்டியிலிருந்துதான் ஆரம்பித்தாக வேண்டும், அவசரப்படாமல் படி.

அந்த வண்டியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா. கடைக்குத் திரைச்சீலைக் கம்பிகள் ஏற்றுவதற்காக உங்கப்பா தேடிப் பிடித்து வாங்கினது, கம்பியின் ஒரு முனை முன்கண்ணாடியிலும் மறுமுனை பின்கதவிலும் முட்டிக்கொண்டிருக்க, நீ பள்ளிக்கூடப் பையோடு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து போவாய். நேரான ரோட்டில் அதைப் போலச் சாதுவான வண்டி கிடையாது. திருப்பும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, இனிமேல் ஒடிக்க ஒன்றுமில்லை என்று கை நின்ற பிறகும் அது பெரிய மனுஷன் நடக்கிற மாதிரி சாவகாசமாக வளைந்துகொண்டே போகும், எதிர்ச்சுவர் வந்துவிடும், வண்டி பாதிகூடத் திரும்பியிருக்காது. அடுத்தவர்கள் ஒரே வீச்சில் திரும்பிப் போகிற இடத்தில் நான் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், பின்னால் நிற்பவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். முன்னால் பார்த்தால் வால் எங்கேயாவது உரசும், பின்னால் பார்த்தால் மூக்கு அடுத்த வீட்டு வாசலில் நிற்கும். நம் சந்தோ நாளுக்கு நாள் ஒல்லியாகிக்கொண்டே வருகிறது. விளக்குக் கம்பம் நம் கேட்டுக்கு நேர் எதிரே, அதற்குப் பக்கத்தில் எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைக் குறுக்காகத்தான் நிறுத்துவார், நேராக நிறுத்தினால் அதற்குத் தூக்கம் வராதோ என்னவோ. வண்டியைப் பின்பக்கமாகத்தான் கேட்டுக்குள் விட முடியும், முன்பக்கமாக விட்டால் காலையில் வெளியே எடுக்க ஒரு ஊரே கூடி வழிகாட்ட வேண்டும். வாசல் தூண் இரண்டுக்கும் நடுவில் தையல் டேப்பைப் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடிகளை மடக்கினால் பக்கத்துக்கு என் உள்ளங்கை நுழைகிற அளவு இடம் இருக்கிறது. மெத்தைக்கு வைக்கிற ஸ்பாஞ்சை இரண்டு தூணிலும் சுற்றிக் கட்டி, மிச்சமிருந்த கோடு போட்ட திரைத்துணியில் உறை தைத்து மாட்டிவிட்டேன். தூணுக்குச் சட்டை போட்ட வீடு என்று தபால்காரர் நம் வீட்டுக்கு அடையாளம் சொல்கிறாராம்.

இவ்வளவு பாடு எதற்கு, விற்றுவிடலாமே என்பாய். நானும் விற்கத்தான் நினைத்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து சின்ன வண்டியில் ஏற அப்பா குனிந்து, மடங்கி, வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்க வேண்டும், இறங்கும்போது பள்ளத்திலிருந்து எழுந்து வருகிற மாதிரி எழ வேண்டும். ஒருமுறை வாடகைக் காரிலிருந்து இறங்கும்போது அப்படியே முன்னால் சாய்ந்து டிரைவரின் மேல் விழுந்துவிட்டார். நல்ல பிள்ளை, தாங்கிப் பிடித்துக்கொண்டான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பா அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை. நம் வண்டியின் இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது, பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் உள்ளே திருப்பிக்கொண்டால் முடிந்தது, யாரும் தொட வேண்டாம். யாரும் தொடாமல் அவரால் செய்ய முடிகிற காரியங்கள் இப்போது ரொம்பக் கொஞ்சம் பாப்பா. அதில் ஒன்றை எடுத்துவிட எனக்கு மனசு வரவில்லை.

ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பற்றி உனக்கு நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். நீயும் நானும் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தோமே, நீ ஓட்டினாய், நான் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இது பெரிய வண்டி, உனக்கு வராது என்று அப்பா சாவியைத் தந்ததே இல்லை, நானும் கேட்டதில்லை. இப்போது உன் மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான், சொல்லிக்கொடுத்தான் என்பதைவிடக் கத்திக்கொடுத்தான் என்று சொல்ல வேண்டும். கிளட்ச்ச விடுக்கா, விடாதக்கா, ஐயோ விட்டுட்டியேக்கா என்று அவன் போட்ட சத்தத்தில் சந்தில் இருந்த பூனைகள் எல்லாம் வேறு சந்துக்குக் குடிபோய்விட்டன. ஓட்டம் வந்துவிட்டது, திருப்பம்தான் வரவில்லை. அப்பாவைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிற இடத்தில் வண்டி நிறுத்துவது தரைக்குக் கீழே. சரிவாக இறங்கும்போது நடுவில் ஒரு வளைவு, அதை ஒரே திருப்பில் எடுக்க இந்த வண்டியால் ஆகாது, சரிவில் நின்று, பின்னால் எடுத்து, மறுபடி ஒடிக்க வேண்டும். பின்னால் வரிசையாக ஹார்ன். அங்கே இருக்கிற காவலாளி விசிலை ஊதிக்கொண்டு இரண்டு கையையும் வீசுவார், அவர் வரச் சொல்கிறாரா, நிறுத்தச் சொல்கிறாரா, இல்லை கொசு ஓட்டுகிறாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேலே வந்து சேரும்போது ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். அலுத்துப்போகிறது பாப்பா. ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு ஒருநாள் போகாமல் இருந்தால் என்ன என்று தோன்றும், அதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

இனி அப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். நீ இரண்டு வாரம் லீவில் வந்திருந்தபோது அவருக்கு வாயே திறக்கவில்லை, நீ போன பிறகுதான் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. வந்த வார்த்தைகளில் பாதி எதிர்மாறாக வந்தன. ஜன்னலை மூடு என்பார், மூடப் போனால் தலையை ஆட்டுவார், திறக்க வேண்டுமாம். காபி சூடா இருக்கு என்பார், தொட்டால் பச்சைத் தண்ணீராக இருக்கும். விளக்கை அணை என்றால் போட வேண்டும். பயிற்சி கொடுக்கிற அந்தப் பெண்ணிடம் கேட்டேன், பொறுமைசாலி, உன் வயதுதான் இருக்கும். ஜோடியா இருக்கிற வார்த்தைங்க அவருக்கு உள்ளே மாறிப்போகுதும்மா, அவர் நெனக்கிறது சரிதான், வெளிய வரும்போதுதான் பக்கத்து வார்த்தை முந்திக்குது, வார்த்தைக்கு வார்த்தை திருத்தாதீங்க, அவருக்கு ஏதாவது வேலை கொடுத்துப் பேச வைங்க என்று சொன்னாள். என்ன வேலை கொடுப்பது. கடையைத்தான் வாடகைக்கு விட்டாயிற்று. அவரே ஒரு வேலை எடுத்துக்கொண்டார், நான் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போய் நின்று வழி சொல்கிற வேலை. ஆனால் லெஃப்ட் ஒடி என்றால் ரைட் ஒடிக்க வேண்டும், ரைட் ஒடி என்றால் லெஃப்ட். மற்ற வார்த்தைகளிலாவது எப்போதாவது சரியானது தப்பித்து வரும், வண்டி விஷயத்தில் ஒருநாளும் பிசகாமல் தலைகீழ்தான். கையைக் காட்டினால் அதுவும் தப்பாகத்தான் காட்டும். நானும் பழகிவிட்டேன். அவர் சொன்ன அடுத்த நொடியே என் கை தானாக எதிர்ப்பக்கம் போகும், யோசிக்கக்கூட வேண்டாம். எதிர்வீட்டுக்காரர் இதைப் பல நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒருநாள் பொறுக்க முடியாமல் வந்து, ஏம்மா, ஐயா சொல்றதுல ஒண்ணையாவது கேக்கக் கூடாதா என்றார். இந்தச் சந்திலேயே புருஷன் சொல்வதைக் கேட்காமல் வண்டியைச் சரியாக நிறுத்துகிற பெண்பிள்ளை நான் ஒருத்திதான் என்று எனக்கே சிரிப்பு வந்தது, அவருக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

சிரித்தேன் என்று எழுதுகிறேனே தவிர, இதில் ஒன்று என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அது உனக்கும் தெரியும். லீவு கிடைக்கும் போல இருக்குப்பா, நான் வரட்டுமா என்று நீ கேட்டபோது அப்பா போனைப் பிடித்துக்கொண்டு, வராதே என்றார். நீ மறுபடி கேட்டாய். வராதே, வேண்டாம் என்று சொல்லிப் போனை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு உன் போனை அவர் கையால் தொடவில்லை. நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வார்த்தை மாறி வந்திருக்கும்மா, நீ அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே என்று உனக்குச் சொன்னேன், நீயும் சரி சரி என்றாய், ஆனால் நம்பவில்லை. லீவும் போடவில்லை. நம்பாததற்கு உன்மேல் என்ன தப்பு. நீ அந்த ரொட்டி சுடுகிற வேலைக்குக் கிளம்பினபோது கடையைப் பார்த்துக்க ஆளிருந்தும் இல்லாத மாதிரி ஆச்சு என்று அவர் சொன்னது உன் காதில் இன்னும் இருக்கும். சரியான வார்த்தையும் எப்போதாவது தப்பித்து வரும் என்று எழுதினேன் அல்லவா, அதுவும் கோபம் வந்தால்தான் அப்படி வரும். அன்றைக்கு வந்தது எந்த வராதே என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டியரிங்கை நம்பி ஒடித்தவளுக்கு இதில் எந்தப் பக்கம் ஒடிப்பது என்று தெரியாமல் இத்தனை மாதம் போய்விட்டது. அவரிடம் கேட்கலாம்தான், கேட்டால் வருகிற பதிலையும் எந்தப் பக்கம் திருப்பிப் புரிந்துகொள்வது. மறுபடியும் வராதே என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

இடித்த அன்றைக்கு லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பயிற்சி முடிந்து வந்தோம். இடது பக்கக் கண்ணாடியைப் போன வாரம் ஒரு சைக்கிள்காரன் இடித்து உடைத்துவிட்டுப் போய்விட்டான், அது டேப் ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியாது. பின்கண்ணாடி முழுக்க நீர்முத்து. அப்பா வழக்கம்போல முதலில் இறங்கி, தடியை ஊன்றி உள்ளே போய் நின்றார். வலது கண்ணாடியில் அவர் மட்டும் தெரிகிறார், தலையில் நான் போட்டுவிட்ட துண்டு. விளக்குக் கம்பம் வரை முன்னே போய் ஒடித்து, ரிவர்ஸ் போட்டு மெதுவாக வந்தேன். அப்பா, வா, வா, இடம் இருக்கு, வா என்றார். இந்த இடத்தில் என்றைக்கும் போ போ என்றுதான் சொல்வார், அதைக்கூட நான் கவனிக்கவில்லை, அவ்வளவு களைப்பு. அடுத்து ரைட் ஒடி என்றார். என் கை தானாக லெஃப்ட் ஒடித்தது. ரைட், ரைட் என்று சத்தம் போட்டார். நான் இன்னும் லெஃப்ட் ஒடித்தேன். அவர் தடியைத் தரையில் தட்டித் தட்டி ரைட் ரைட் ரைட் என்று கத்தக் கத்த, அவ்வளவு நெருக்கடியா என்று பயந்து நான் முழு லெஃப்டும் ஒடித்து அழுத்தினேன். இடது தூணில் போய் டமார் என்று நின்றது. ஸ்பாஞ்சும் சட்டையும் பிய்ந்து தொங்க, பின்விளக்கு நொறுங்கி, பம்பர் ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டது.

எனக்கு வந்ததே ஆத்திரம். கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அன்றைக்கு இருந்த அலுப்பையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். ஏங்க, லெஃப்ட்டுன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, இடிக்கிற வரைக்கும் ரைட் ரைட்டுன்னா நான் என்னத்தைக் கண்டேன் என்று நடுச்சந்தில் நின்று கத்தினேன். அப்பா மழையில் நனைந்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, நான் சரியாத்தானே சொன்னேன் என்றார். அவ்வளவுதான். உடம்பு படுத்த நாளிலிருந்து ஒரு வாக்கியம் முழுசாக, தடுக்காமல், அவர் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை பார், என்னத்தைச் சரியாச் சொன்னீங்க என்று கேட்டேன். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஐயா சரியாத்தாம்மா சொன்னாரு, ரைட்டுதான் ஒடிச்சிருக்கணும், நீங்கதான் வழக்கம்போல மாத்தி ஒடிச்சுட்டீங்க என்றார். நான் தூணைப் பார்த்தேன், வண்டியைப் பார்த்தேன், அப்பாவைப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. அந்தத் தூறலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் பயந்துபோய், வண்டிதானேம்மா, டிங்கர்கிட்ட கொடுத்தா சரி பண்ணிடுவான் என்று ஆறுதல் சொன்னார். அப்பாவுக்குத் தெரிந்தது நான் எதற்கு அழுகிறேன் என்று. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இடது கையால் என் தலையில் துண்டைப் போட்டார்.

உள்ளே வந்ததும் நான் சும்மா இருந்தேனா. காபியைக் கையில் கொடுத்து இது எப்படி இருக்கு என்றேன், சூடு என்றார், சூடுதான். ஜன்னலைக் காட்டினேன், திறந்திருக்கு என்றார். இடது கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கிவிட்டு, நான் என்ன ஒண்ணாங்கிளாஸா என்று முறைத்தார். அந்த முறைப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று தெரியுமா. மறுநாள் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னதும் அவள் கை கொட்டிச் சிரித்துவிட்டாள், ஆனால் முழுசாகச் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், களைத்துப்போனால் பழையபடி மாறும், நாலு நாள் முன்னே போகும், ஒருநாள் பின்னே வரும் என்றாள். எங்கள் வண்டியும் அப்படித்தான் திரும்பும் என்றேன். அவள் சொன்னபடியே நேற்றுகூட உப்பு கூட என்பதற்குக் குறைச்சல் என்றார், நானும் அவசரப்பட்டு இன்னும் கொஞ்சம் போட்டுவிட்டேன், இரண்டு பேரும் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பினோம்.

நீ போனில் கத்தினது இதற்கெல்லாம் பிறகு. நீ பேசி முடித்து, அப்பாவுக்கு இன்னும் கோபமா என்று கேட்டதும் நான் பேசாமல் வைத்தேனே, அப்போது அவர் பக்கத்தில்தான் இருந்தார், உன் குரல் அவருக்கும் கேட்டிருக்கிறது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, பாப்பாகிட்ட அன்னிக்கு வராதேன்னு சொன்னேனே என்றார். ஆமாம் என்றேன். வாய் மாத்திடுச்சு என்றார். வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாராம், வராதே என்று வெளியே போனது அவர் காதிலேயே விழுந்ததாம். திருத்தலாம் என்று மறுபடி சொன்னால் மறுபடியும் அதுவே வந்ததாம். உன் பக்கம் சத்தமே இல்லாமல் போனதும், இன்னொரு தடவை வாயைத் திறந்தால் இதைவிடக் கேடாக ஏதாவது வந்துவிடும் என்று பயந்துதான் போனைப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார். அன்றிலிருந்து அவர் போனைத் தொடாததும் அந்தப் பயத்தினால்தான். இத்தனை மாதமும் அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து நான் உன்னோடு பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் பாப்பா. ஏங்க, என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். உன்கிட்ட சொன்னா அதையும் நீ மாத்திப் புரிஞ்சுக்குவே என்றார். கடையைப் பற்றி அவருக்கு அப்போது வருத்தம் இருந்தது உண்மைதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அது இப்போது இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டேன். கடையா, எந்தக் கடை என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

இப்போதும் போனில் பேசச் சொன்னால் வேண்டாம் என்கிறார், அது நேரான வேண்டாம்தான், இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். முகத்தைப் பார்த்துப் பேசினால் தப்பாக வந்தாலும் கண்ணைப் பார்த்து நீ புரிந்துகொள்வாயாம், போனில் எப்படித் திரும்ப எடுப்பது என்கிறார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

ஆகவே நான் இத்தனை நாள் சொன்னதையும் மாற்றிக்கொள்கிறேன். வரவா என்று நீ கேட்கும்போதெல்லாம் எதுக்கும்மா வீண் அலைச்சல், நாங்க சமாளிச்சுக்குவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு எந்த நோயும் இல்லை, வார்த்தை மாறாமல் நன்றாகத் தெரிந்தேதான் எதிர்மாறாகச் சொன்னேன். சமாளிக்க முடிகிறது, ஆனால் களைத்துவிட்டேன் பாப்பா. ஒரு நாலு நாள் நீ ஸ்டியரிங்கைப் பிடி, நான் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து வருகிறேன். கிடைக்கிற லீவைப் போடு, குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை. வண்டியை விற்கிற பேச்சை நீ வந்த பிறகு பேசிக்கொள்ளலாம், அதுவரை அது இருக்கட்டும். பம்பரைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், உன்னை அழைக்க வரும்போது யாராவது பார்த்துச் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரித்துவிடு. என்ன பெட்டி கொண்டுவந்தாலும் உள்ளே கொள்ளும்.

அடுப்பில் கை வைக்கும்போது முழங்கை வரை உறை போட்டுக்கொள், போன தடவை உன் கையில் பார்த்த தழும்புகள் என் கண்ணிலேயே நிற்கின்றன. விடியுமுன் வேலைக்குப் போகிறவள் வெறும் வயிற்றோடு போகாதே, ரொட்டி சுடுகிறவள் பட்டினி கிடந்தாள் என்று வெளியே சொன்னால் வெட்கக்கேடு. மாமாவைத் திட்டாதே, அவன் படம் அனுப்பாமல் இருந்தால் நீ அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாய். ஒன்றை மட்டும் மறக்காதே, இந்த வண்டிக்கு இடது பின்விளக்கு இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, பழைய மாடலாம், அங்கே கிடைக்கிறதா என்று விசாரித்துக் கையோடு கொண்டுவா. வருகிற நாளை முன்கூட்டியே சொல், எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லி ஸ்கூட்டரை எடுக்கச் சொல்ல வேண்டும். நீ ஆரோக்கியமாகவும் மனசில் பாரம் இல்லாமலும் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதித்து முடிக்கிறேன்.

அன்புடன்
உன் அம்மா

அப்பா எழுந்துவிட்டார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், சொன்னேன். பேனாவைக் கொடு என்று இடது கையை நீட்டுகிறார். கீழே உள்ளது அவர் எழுதியது. எழுத்தெல்லாம் சாய்ந்து கிடக்கிறது, ஆனால் நீ எதையும் மாற்றிப் படிக்க வேண்டாம், எழுதி முடித்ததும் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

பாப்பா
வா வா
இடம் இருக்கு
வா